புதைந்து கிடந்த 533 சுருள்கள்: சிதைந்த பிலிமை ஏன் அப்படியே காட்ட வேண்டும்?

ஜூன் 7, முற்பகல் 11.20 (டோம்பிவிலி வாசகரின் கேள்வி)

‘டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்’ பார்த்தேன். இரண்டு மணி நேரம். வர்ணனைக் குரல் கிடையாது, திரையில் எழுத்துகள் மட்டும். பாதி நேரம் படத்தின் ஓரங்கள் வெள்ளையாகக் கொதிக்கின்றன. செய்தி நல்ல செய்திதான், ஆனால் இருபது நிமிட ஆவணப்படத்தில் சொல்லி முடித்திருக்கலாம். பழுதான பிலிமைச் சரிசெய்யாமல் காட்டுவதை எதற்காகக் கலை என்று கொண்டாடுகிறீர்கள்?

ஜூன் 7, இரவு 9.40

சரிசெய்யாமல் காட்டியதால்தான் எனக்கு அது முக்கியமான படம். பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள், முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் ஆற்றங்கரையில் டாசன் என்ற ஊர். 1896-இல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் சுமார் 30,000 பேர் வந்து குவிந்தார்கள். 1899-இல் அலாஸ்காவின் நோம் பகுதியில் தங்கம் என்ற செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். மிஞ்சிய சின்ன ஊருக்கு மௌனப் படங்கள் வந்தன, வெளியாகி இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து. விநியோக வழியில் கடைசி ஊர் அது. ஓடித் தேய்ந்த படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. உள்ளூர் வங்கியின் பொறுப்பில் நூலகத்தின் அடித்தளத்தில் டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போயின. இடம் போதாமல் போனபோது ஒரு பகுதியை எரித்தார்கள், ஒரு பகுதியை ஆற்றில் தள்ளினார்கள். ஊரின் விளையாட்டுக் கூடத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. குளிர்காலத்தில் அதன்மேல் பலகை போட்டு ஹாக்கி ஆடப் பனித்தளம் அமைத்தால் தளம் சமமாக நிற்கவில்லை. 1929-இல் குளத்தையே தூர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். மண்ணோடு சேர்ந்து பிலிமும் உள்ளே போனது.

1978-இல் கட்டட வேலைக்காக அங்கே மண் அள்ளியபோது சுருள்கள் வெளியே வந்தன. 533 சுருள்கள். அமெரிக்க இயக்குநர் பில் மாரிசன் அவற்றைக் கொண்டு 2016-இல் எடுத்த படம் இது.

சுத்தம் செய்த பிரதியைக் காட்டியிருந்தால் நாம் நூறாண்டுக்கு முந்தைய ஒரு நாடகப் படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருப்போம். இப்போது, ஒரு பெண் கதவைத் திறக்கும் காட்சியில் அந்தப் பெண்ணையும் பார்க்கிறோம், அவள்மேல் படிந்த ஐம்பது ஆண்டு மண்ணையும் பார்க்கிறோம். இருபது நிமிடச் செய்திப்படம் இரண்டாவதைத் தகவலாகத்தான் தந்திருக்கும்.

ஜூன் 8, காலை 7.15

வெள்ளைக் கொதிப்பு ஏன் ஓரங்களில் மட்டும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சுருளாகச் சுற்றி வைத்த பிலிமில் வெளியே தெரிவது இரண்டு விளிம்புகள்தான். மண்ணின் ஈரம் அங்கிருந்துதான் நுழைய முடியும். பிலிமின்மேல் படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் பூச்சு. நனைந்தால் அது இளகிக் கரைந்துவிடும். உறைந்த நிலம் உறைந்தபடியே இருந்தவரை சுருள்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. பனி உருகி நீர் கசிந்ததுதான் வினை. அதனால்தான் நடுவில் முகம் நிற்கிறது, இருபுறமும் வெள்ளை அலையடிக்கிறது.

சுருள்கள் தங்கச் சுரங்கத்துக்குள் கிடைத்தவை என்று வாசகர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஊரின் நடுவே, ஒரு சூதாட்ட விடுதியின் பின்புறத்தில் கிடைத்தவை.

ஜூன் 8, இரவு 11.05

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் மும்பையில் ஒரு பிலிம் லேபில் பிரிண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதையில் அவருக்கு அக்கறையே இல்லை. தொடக்கத்திலிருந்து சேதத்தைத்தான் பார்த்தார். “இது தண்ணீர். இது ஒட்டிக்கொண்டதைப் பிரித்தபோது வந்தது. இந்தக் கோடு புரொஜெக்டரில் விழுந்தது, புதைப்பதற்கு முன்னாலேயே இருந்திருக்கும்.” வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொரு கறையையும் பிடித்துப் பார்த்துச் சொன்னார். மாரிசன் தனியே சேதத்தைக் காட்டவில்லை, ஒரு பிலிமின் முழு வாழ்க்கையைக் காட்டுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடியபோது விழுந்த கீறலும் புதைந்தபோது விழுந்த கறையும் ஒரே சட்டகத்தில் அருகருகே இருக்கின்றன.

பாதிப் படத்தில் அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். அவர் வேலை பார்த்த லேப் டிஜிட்டல் வந்த பிறகு மூடப்பட்டது. அங்கே கேட்பாரற்றுக் கிடந்த நெகட்டிவ்கள் ஏராளம். தயாரிப்பாளர் கடனில் மூழ்கியிருப்பார், அல்லது இறந்திருப்பார். பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராது. பதில் வந்தாலும் பாக்கியைக் கட்டி எடுத்துப் போக ஆள் வராது. கிடங்கு முழுக்கக் காடி வாடை அடிக்கும் என்பார் அப்பா. அசிட்டேட் பிலிம் கெடும்போது அசிட்டிக் அமிலம் கசியும், அந்த வாடை. கடைசியில் லாரி வந்தது. எந்தெந்தப் படங்கள் போயின என்று பட்டியல்கூட எடுக்கவில்லை.

அந்தச் சுருள்களை யாரும் வெறுக்கவில்லை. டாசனில் திருப்பி அனுப்பும் கூலி, இங்கே கிடங்கு வாடகை. கட்ட ஒருவரும் இல்லை.

ஜூன் 10, மாலை 6.30

“அமெரிக்கர்களின் மௌனப் படங்கள் கிடைத்தால் நமக்கென்ன?” என்று கேட்டவருக்கு.

நீங்கள் இருப்பது மும்பையில். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ இந்த ஊரில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் எடுக்கப்பட்டது. எச்.எம். ரெட்டி இயக்கினார், டி.பி. ராஜலட்சுமி நடித்தார். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. அதே நிறுவனத்தின் ‘ஆலம் ஆரா’ அதே ஆண்டு மார்ச் 14 அன்று கிர்காவின் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. இரண்டில் எதற்கும் இன்று பிரதி இல்லை. தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ படமும் இன்று இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்களை எடுத்த நாடு நம்முடையது. எஞ்சியவை மிகச் சிலவே, அவற்றிலும் பல வெறும் துண்டுகள்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு என்பது வெள்ளி உலோகம். பழைய பிலிமைக் கரைத்தால் வெள்ளி கிடைக்கும். படம் ஓடி முடிந்த பிறகு பிலிமுக்கு இருந்த ஒரே சந்தை மதிப்பு அதுதான். ராஜலட்சுமியின் முகம் எத்தனை கிராம் வெள்ளியாகப் போனதோ என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

நமக்கு ஒரு நீச்சல் குளம்கூட வாய்க்கவில்லை.

ஜூன் 10, இரவு 10.50

சற்று முன் எழுதிய கடைசி வரியைப் பற்றி: புனேயிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டு, நமக்கும் ஒன்று வாய்த்தது என்று நினைவுபடுத்தினார். 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய மௌனப் படம். நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது, படம் முடக்கப்பட்டது. தயாரிப்பாளருக்குப் பேரிழப்பு. ஆனால் பிரதி வெளியே போகாமல் அந்தப் புத்தக நிறுவனத்திலேயே முடங்கிக் கிடந்தது. பல பத்தாண்டுகள் கழித்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் நம் கையில் இருப்பது அதுதான். தடையின்றி ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து வெள்ளிக்குப் போயிருக்கும்.

பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் யாருக்கும் இருக்கவில்லை. அங்கே ஒரு ஹாக்கித் தளம், இங்கே ஒரு வழக்கு. இது எனக்கு ஆறுதல் தரவில்லை, கலவரம்தான் தருகிறது.

ஜூன் 11, காலை 8.00

காப்பகத்தில் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று சயான் வாசகர் எழுதியிருக்கிறார். 2003 ஜனவரி 8 அன்று புனேயில் திரைப்படக் கல்லூரி வளாகத்தில் இருந்த காப்பகக் கிடங்கு தீப்பிடித்து, பழைய காலத்து நைட்ரேட் வகைப் பிலிம் சுருள்கள் எரிந்துபோயின. நைட்ரேட் பிலிம் எரியும்போது அதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளும் எரியும். டாசன் சுருள்களும் நைட்ரேட்தான். அவற்றைக் கொண்டுபோகச் சாதாரணப் போக்குவரத்து நிறுவனங்கள் மறுத்தன, கனடா இராணுவ விமானம்தான் ஒட்டாவாவுக்கு ஏற்றிச் சென்றது.

காப்பகம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அதற்கு ஆளும் பணமும் குளிரூட்டலும் ஆண்டுதோறும் வேண்டும். ஒருமுறை சேர்த்துவிட்டு மறந்துவிடலாம் என்றால் அதுவும் இன்னொரு நூலக அடித்தளம்தான்.

ஜூன் 12, இரவு 12.20

எனக்கு மிகவும் பிடித்த இடம். குளத்தைத் தூர்த்த பிறகும் பனித்தளத்துக்கு மேலே பிலிம் நுனிகள் துருத்திக்கொண்டு நிற்குமாம். டாசன் சிறுவர்கள் அதைப் பற்றவைத்து விளையாடியிருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் மாமா வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நாங்களும் பிலிமோடு விளையாடினோம். டூரிங் கொட்டகைக்குப் பின்னால் ஆபரேட்டர் வெட்டிப் போட்ட துண்டுகளைப் பொறுக்குவோம். பியூஸ் போன பல்பின் அடியை உடைத்துத் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வேட்டியில் படம் காட்டுவோம். ஒரு சட்டகம்தான் அசையாமல் நிற்கும். யார், எந்தப் படம், அடுத்து என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வோம். எங்கள் கொட்டகையும் படப்பெட்டியின் கடைசி ஊர்களில் ஒன்று. பெட்டி வந்து சேரும்போது பாட்டுகளில் பாதி அறுந்திருக்கும், சில நாள் பெட்டியே வராது. டாசன்காரர்கள் மூன்றாண்டுப் பழைய செய்திப்படத்தை ஆவலோடு பார்த்தார்கள் என்பதை நான் எந்தச் சிரமமும் இல்லாமல் புரிந்துகொண்டேன்.

ஜூன் 14, பிற்பகல் 3.10

டோம்பிவிலிக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். அலெக்ஸ் சோமர்ஸின் இசை ஒரே இழுவையாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்கிறார். இசையைப் பொறுத்தவரை நான் மறுக்கவில்லை, நடுப்பகுதியில் நானும் களைத்தேன். ஆனால் அவர் கேட்டிருக்கும் இன்னொரு கேள்வி கனமானது. டாசனின் உண்மையான சூதாட்டக்காரர்களைப் பற்றி எழுத்து ஓடும்போது, திரையில் வேறொரு கற்பனைப் படத்தின் சூதாட்டக் காட்சி வருகிறதே, இது நியாயமா?

இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆவணம் என்ற பெயரில் செய்திருந்தால் நியாயமில்லை. இங்கே திரையில் வரும் துண்டுக்குக் கீழே படத்தின் பெயரும் ஆண்டும் வந்துவிடுகின்றன, ஏமாற்று இல்லை. அதைவிட, டாசன் மக்கள் தங்கள் ஊரைப் பற்றியே சினிமா சொன்ன பொய்க் கதைகளைத் தங்கள் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அந்தப் பொய்களும் அவர்கள் நினைவில் கலந்தவைதான். நடந்ததும் பார்த்ததும் எங்கே பிரிகின்றன என்று என் அப்பாவாலேயே சொல்ல முடியவில்லை. மாட்டுங்கா அரோரா திரையரங்கில் பார்த்த காட்சியை வீட்டில் நடந்ததுபோலச் சொல்வார், அம்மா திருத்துவார்.

கிடைத்த சுருள்களில் 1919 அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின் காட்சிகளும் உண்டு. சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓர் அணியின் வீரர்கள் வேண்டுமென்றே தோற்ற தொடர். கிரிக்கெட் சூதாட்ட வழக்குகளைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சியைத் தனியே விளக்க வேண்டாம்.

ஜூன் 15, காலை 6.50

ஐம்பது ஆண்டு மண் என்று முதல் நாள் எழுதியதைத் தொட்டு இன்னொன்று சொல்ல வேண்டும். பிலிமுக்கு அடியிலும் ஒரு புதையல் இருக்கிறது.

டாசன் எழுந்த இடத்தருகே, இரண்டு ஆறுகள் கூடும் முனையில், ‘ட்ரோண்டெக் ஹ்வெச்சின்’ என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வந்தார்கள். தங்கம் தேடி வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பியதும் அவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு இடம்பெயர நேர்ந்தது. மாரிசன் இதைச் சொல்கிறார், மறைக்கவில்லை. ஆனால் தங்க வேட்டைக்காரர்களுக்கு இரண்டு மணி நேரப் பிம்பங்கள் இருக்கின்றன, இவர்களுக்கு இருப்பது சில புகைப்படங்களும் சில வரி எழுத்தும். கிடைத்த பிலிமைக் கொண்டு வரலாறு சொன்னால், கேமரா திரும்பாத பக்கம் மறுபடியும் இருட்டில்தான் நிற்கும். இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள உண்மையான குறை இது.

அவர்களின் தலைவர் ஐசக் ஒரு காரியம் செய்தார். வந்தேறிகளின் நெருக்கடியில் தங்கள் பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று அஞ்சி, அவற்றையும் நடனக் கோலையும் அலாஸ்காவில் இருந்த உறவு மக்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதைப் பாடி ஆடிக் காத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அந்தப் பாட்டுகள் பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வந்தன. 533 சுருள்கள் தற்செயலாகப் பிழைத்தன. பாட்டுகளோ, காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்ததால் பிழைத்தன. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக் குடும்பங்களின் பாட்டிகள் இன்னும் ஒப்பாரியும் கும்மியும் பாடுகிறார்கள். யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம்?

ஜூன் 15, இரவு 9.30

புதைந்த தங்கம் என்றதும் இந்த ஊர்த் துறைமுகத்தை நினைவுபடுத்திய மாட்டுங்கா பெரியவருக்கு நன்றி. 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தது. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள், கூடவே தங்கக் கட்டிகளையும். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டார்கள். அந்த நாளைத்தான் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூர்கிறோம். தூர்வாரும்போது கடலடிச் சேற்றிலிருந்து தங்கக் கட்டிகள் பல ஆண்டுகள் கழித்தும் கிடைத்தன. கிடைத்தபோதெல்லாம் நாளிதழ்களில் செய்தி. சிதறிப்போன கூலிகளின் பெயர்ப் பட்டியலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அந்த வெடிப்பைப் படமெடுத்த சுருள்களைப் பிரிட்டிஷ் இராணுவம் பறிமுதல் செய்தது.

மும்பையில் இப்படி ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம். தங்கத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

ஜூன் 17, இரவு 8.15

முலுண்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். பாட்டியின் கல்யாணத்தை யாரோ 8 மி.மீ. கேமராவில் எடுத்திருக்கிறார்கள், டப்பா பரணில் இருக்கிறது, திறந்தால் புளிப்பு வாடை, என்ன செய்வது என்று கேட்கிறார். அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன்.

பழைய புரொஜெக்டர் கிடைத்தாலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிம் பற்களில் மாட்டிக் கிழியும். பரணிலிருந்து உடனே இறக்குங்கள், கூரைச் சூடு அதைத் தின்றுகொண்டிருக்கிறது. துருப்பிடித்த டப்பாவை மாற்றுங்கள், காற்றுப் புகாமல் இறுக்கி மூடாதீர்கள், அமிலம் வெளியேற வழி வேண்டும். வாடை வராத வேறு சுருள்கள் இருந்தால் அவற்றைத் தள்ளி வையுங்கள், இது மற்றதையும் கெடுக்கும். குளிர்ச்சியான உலர்ந்த இடம், மழைக்காலம் தொடங்கிவிட்டது என்பதால் இது அவசரம். பிறகு பிலிம் ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள். திரையில் ஓட்டி அதை வீடியோ எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஸ்கேன் முடிந்ததும் மூலச் சுருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி நலமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் வந்த அன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தலில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் யார், எந்த ஊர், என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சமையல்காரர், நாதஸ்வரக்காரர் பெயரையும் விடாமல் கேளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை டப்பாவோடு வையுங்கள், இன்னொன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.